வெட்டின வெயிட் துளிர்க்காது: ஒரு நெட்வொர்க் மாடலைக் கவாத்து பண்ணி மாட்டிக்கிட்ட கதை

(எபிசோடோட எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவுல இருமினதையும் எடுத்துட்டோம். மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.)

இன்னைக்கு எபிசோட்ல கெஸ்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான். ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன், அது என்னோட தப்பு. அதனால வேற ஆளைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேச வேண்டாம்னு நினைச்சேன்.

தலைப்பு நெட்வொர்க் மாடல்களைக் கவாத்து பண்றதும், அதைப் பழையபடி மீட்கிறதும். இங்கிலீஷ்ல ப்ரூனிங், ரெஸ்டோரிங்னு சொல்லுவோம். கவாத்துங்கிற வார்த்தை தேயிலைத் தோட்டப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். வீட்ல முருங்கை இருந்தாலும் தெரியும். வேண்டாத கிளையை வெட்டிவிடுறது. வெட்டினா முருங்கை துளிர்க்கும், இன்னும் நல்லாக் காய்க்கும். நியூரல் நெட்வொர்க்ல வெட்டினது துளிர்க்காது. இது எனக்கு 2022 மே மாசம் ஒரு போன் கால்லதான் புரிஞ்சுது.

அந்த போன் கால்

நான் அப்போ வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். எங்க டீம் ஒரு டூவீலர் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மாடல் பண்ணிக் கொடுத்துட்டு இருந்துச்சு. பேர் வேண்டாம். மாசா மாசம் கஸ்டமர் லிஸ்ட் வரும். இஎம்ஐ தாமதம் ஆனவங்கள்ல யாரு எப்படியும் கட்டிடுவாங்க, யாரு கட்டவே மாட்டாங்கன்னு எங்க மாடல் ஒரு ஸ்கோர் போடும். ஸ்கோர் அதிகமா இருந்தா பிராஞ்ச்ல இருந்து ஆள் வீட்டுக்குப் போவாங்க. ரொம்ப அதிகமா இருந்தா வண்டியைத் தூக்கிட்டு வந்து யார்டுல போட்டுடுவாங்க.

மே மாசம் ஒரு காலையில நாகப்பட்டினம் பக்கத்து பிராஞ்ச்ல இருந்து ஒரு அண்ணன் பேசினாரு. கலெக்‌ஷன் பாக்குறவரு. கோபமாக்கூட இல்ல, அலுத்துப்போய்ப் பேசினாரு.

"தம்பி, நீங்க அனுப்பின லிஸ்ட்ல பாதி பேரு மீனவங்க. இவங்க வருஷா வருஷம் இந்த ரெண்டு மாசம் லேட்டாத்தான் கட்டுவாங்க. ஜூலையில மொத்தமாக் கொண்டாந்து கட்டிடுவாங்க. தடைக்காலம்னு ஒண்ணு இருக்கிறது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. படகுல போறவரு மட்டும் இல்ல, ஐஸ் உடைக்கிறவரு, ஏலம் எடுக்கிறவங்க, மொபெட்ல பெட்டி கட்டி ஊர் ஊரா மீன் விக்கிறவங்கன்னு எல்லார் வீட்லயும் வருமானம் நின்னுரும். அந்த நேரத்துல இஎம்ஐ லேட்டாகுறதை வெச்சு அவரு கட்டமாட்டாருன்னு சொல்ல முடியாது. அது கடலோரத்துல மே மாசத்தோட இயல்பு.

அண்ணன் அடுத்துச் சொன்னதுதான் வயித்தைக் கலக்குச்சு. "மூணு பேரு வண்டி ஏற்கெனவே யார்டுக்குப் போயிருச்சு தம்பி."

அவர் கேட்ட கேள்விக்கு நான் அப்போ பதில் சொல்லல. ஆனா பதில் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தடைக்காலம் தெரிஞ்சிருந்துச்சு. அதுக்கு முந்தின மூணு வருஷமும் அந்த மாடல் மே மாசத்துல கடலோரக் கஸ்டமரை ஒழுங்கா விட்டுச்சு. மார்ச்ல நான்தான் அதை வெட்டினேன்.

என்ன வெட்டினேன்?

கொஞ்சம் உள்ள போவோம். பயப்படாதீங்க, கணக்கு சின்னதுதான்.

அந்த மாடலை எங்க டீம்ல இருந்த ஒரு அக்கா 2019 ஜனவரியில ஆர் மென்பொருள்ல பண்ணியிருந்தாங்க. ஆர் தெரியாதவங்களுக்கு: புள்ளியியல் ஆளுங்க பயன்படுத்துற இலவச மென்பொருள். அதுல என்நெட்னு ஒரு பேக்கேஜ் ரொம்ப வருஷமா இருக்கு. ஒரே ஒரு மறைஞ்ச அடுக்கு உள்ள சின்ன நியூரல் நெட்வொர்க்கை அதுல கட்டலாம்.

எங்க மாடலுக்கு 22 உள்ளீடு. கஸ்டமர் வயசு, கடன் தொகை, எத்தனை நாள் தாமதம், எந்த மாசம், பிராஞ்ச் கடலோரமா இல்லையா, இந்த மாதிரி. நடு அடுக்குல 15 யூனிட். கடைசியில ஒரே ஒரு ஸ்கோர். ஒவ்வொரு உள்ளீட்டுல இருந்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கம்பி போகுதுன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு எண் இருக்கும், அதுதான் வெயிட். பயஸ்னு சொல்ற கூடுதல் கம்பியையும் சேர்த்தா 23 பெருக்கல் 15, அது 345. மேல 16. மொத்தம் 361 எண். மாடல்னா அந்த 361 எண்தான், வேற எதுவும் இல்ல.

2022-ல கிளையன்ட் ஒண்ணு கேட்டாங்க. பிராஞ்ச்லயே எக்ஸெல் ஷீட்ல ஸ்கோர் பாக்கணும், ஃபார்முலா சின்னதா வேணும், 361 எண் வேண்டாம். என் மேனேஜர் என்கிட்ட கொடுத்தாரு. ப்ரூனிங் பத்திப் படிச்சு ஆர்வத்துல இருந்த நேரம் அது. உடனே சரின்னுட்டேன்.

என்நெட்ல இதுக்கு வழி ஏற்கெனவே இருக்கு. ஆரம்ப வெயிட்டை நாமளே கொடுக்கலாம். கூடவே மாஸ்க்னு ஒரு பட்டியல் கொடுக்கலாம். மாஸ்க்ல ட்ரூன்னு இருக்கிற வெயிட்டை மட்டும்தான் அது பயிற்சியில மாத்தும். ஃபால்ஸ்னு இருந்தா அந்த வெயிட் ஆரம்பத்துல கொடுத்த எண்ணுலயே நிக்கும். அதனால வேண்டாத வெயிட்டுக்குப் பூஜ்ஜியம் கொடுத்து, மாஸ்க்ல ஃபால்ஸ் போட்டுட்டா, அந்தக் கம்பி வெட்டினதுக்குச் சமம். மிச்சக் கம்பிகளை மறுபடி பயிற்சி பண்ணி இழப்பைச் சரிக்கட்டிக்கும்.

எதை வெட்டுறது? நான் எடுத்தது ரொம்ப எளிமையான வழி. எண் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இருந்தா வெட்டு. 240 வெயிட்டை வெட்டினேன், 121 மிச்சம். மறுபடி பயிற்சி பண்ணினேன். டெஸ்ட் டேட்டாவுல ஓட்டிப் பார்த்தா துல்லியம் கிட்டத்தட்ட அதேதான். தசம புள்ளிக்கு அப்புறம்தான் வித்தியாசம். மேனேஜர் தோள்ல தட்டினாரு. அன்னைக்கு சாயங்காலம் டீக்கடையில எல்லாருக்கும் பஜ்ஜி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒண்ணு பண்ணினேன் பாருங்க. புது மாடலை சேவ் பண்ணும்போது பழைய ஃபைல் பேரையே கொடுத்தேன். ஆர்ல சேவ்ஆர்டிஎஸ் கமாண்ட், ஏற்கெனவே அந்தப் பேர்ல ஃபைல் இருக்கு, மேல எழுதவான்னு உங்களைக் கேட்காது. எழுதிடும்.

சின்ன எண்ணுன்னா தேவையில்லாத எண்ணா?

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். நான் வெட்டின விதத்துல இருந்த தப்பு எனக்கு முன்னாடியே, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே, தெரிஞ்ச விஷயம்.

1989-ல பெல் லேப்ஸ்ல யான் லெகுன், ஜான் டென்கர், சாரா சொல்லா மூணு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. பேரு ஆப்டிமல் பிரெயின் டேமேஜ். சரியான அளவு மூளைச் சேதம்னு சொல்லலாம், பேரே ஒரு மாதிரிதான். கையெழுத்து எண்களைப் படிக்கிற நெட்வொர்க்ல 2,578 அளவுருக்கள் இருந்துச்சு. அதை நாலுல ஒரு பங்கு வரைக்கும் குறைச்சாங்க. அவங்க சொன்ன முக்கியமான விஷயம், எண் சின்னதா பெருசான்னு பார்க்காத, அதை எடுத்தா பிழை எவ்வளவு ஏறும்னு பாரு. அதுக்கு இரண்டாம் நிலை வகைக்கெழுவை வெச்சு ஒரு மதிப்பீடு போட்டாங்க. சில வருஷம் கழிச்சு பாபக் ஹசிபியும் டேவிட் ஸ்டார்க்கும் ஆப்டிமல் பிரெயின் சர்ஜன்னு இன்னொண்ணு கொண்டுவந்தாங்க. சேதம் போய் அறுவை சிகிச்சை வந்துருச்சு. ஒரு வெயிட்டை எடுத்தா மத்த வெயிட் எல்லாம் எவ்வளவு நகரணும்னும் சேர்த்துக் கணக்குப் போடுறது. சின்ன எண்ணா பார்த்து வெட்டுற முறை பல நேரம் தப்பான கம்பியை வெட்டிடும்னு அவங்க தெளிவாவே காட்டினாங்க.

என் மாடல்ல கடலோரம்ங்கிற கம்பிகள் ஏன் சின்னதா இருந்துச்சு? காரணம் யோசிச்சா எளிமைதான். பயிற்சி பண்ணும்போது டிகேன்னு ஒரு அமைப்பு உண்டு. எண்கள் தாறுமாறாப் பெருசாகாம இருக்க, எல்லா வெயிட்டையும் பூஜ்ஜியத்தை நோக்கிக் கொஞ்சம் இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு உள்ளீட்டுக்கு நிறைய டேட்டா இருந்தா, அந்த டேட்டா எதிர்ப்பக்கம் இழுத்துத் தன் வெயிட்டைக் காப்பாத்திக்கும். கடலோர பிராஞ்ச் மொத்தத்துல கொஞ்சம்தான். அதுலயும் ஏப்ரல், மே, ஜூன் மட்டும்னா ரொம்பக் கொஞ்சம். எதிர்த்து இழுக்க ஆள் பத்தல. அதனால அந்த வெயிட் சின்னதாவே நின்னுச்சு. சின்னதா நின்னதனால நான் முதல்ல வெட்டினதும் அதைத்தான்.

அதாவது எண்ணிக்கையில கம்மியா இருந்தவங்களோட கம்பிதான் முதல்ல போச்சு. இது தற்செயல் இல்ல. முறையே அப்படித்தான் வேலை செய்யுது.

"அப்போ பிரெயின் டேமேஜ் முறையை எடுத்திருந்தா தப்பிச்சிருப்பியா?"ன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். என்நெட்ல ஹெஸ்னு ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணினா அந்த இரண்டாம் வகைக்கெழு அணியும் கிடைக்கும், பண்ணியிருக்கலாம். ஆனா அதுவும் முழுசாக் காப்பாத்தியிருக்காது. ஏன்னா பிழை எவ்வளவு ஏறும்ங்கிற கணக்கும் மொத்த டேட்டாவுக்கும் சேர்த்துப் போடுறதுதான். ஆயிரத்துல பத்து பேருக்கு மட்டும் பிழை ஏறினா, மொத்தத்துல அது தெரியவே தெரியாது.

பெரிய நெட்வொர்க்லயும் இதேதான். சாரா ஹூக்கரும் கூட இருந்தவங்களும் 2019-ல, சுருக்கின நெட்வொர்க் எதை மறக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணினாங்க. படங்களை வகைப்படுத்துற நெட்வொர்க்கை வெட்டினா மேலோட்டமான துல்லியம் பெருசா மாறல. ஆனா விழுந்த அடி எல்லாப் படத்துக்கும் சமமா விழல. ஒரு சின்னப் பகுதி படங்கள்தான் மொத்த அடியையும் வாங்குச்சு. அபூர்வமா வர்ற மாதிரிப் படங்கள், வகை சொல்லவே கஷ்டமான படங்கள்.

அவங்களுக்கு அது படம். எனக்கு மூணு வண்டி.

மீட்கப் போனேன்

சரி, போன் வந்தாச்சு. பழைய மாடலைத் திரும்பப் போட்டா ஜூன் லிஸ்ட்டாவது ஒழுங்காப் போகும். ஃபோல்டரைத் திறந்தேன். பழைய ஃபைல் இல்ல. நான்தான் மேல எழுதிட்டேனே.

முதல் யோசனை: வெட்டின மாடல்ல இருந்தே பழசைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. எந்த இடத்துல வெட்டினேன்னு தெரியும், அங்கெல்லாம் பூஜ்ஜியம் இருக்கு. அந்த இடத்துல முன்னாடி என்ன எண் இருந்துச்சுன்னு எங்கேயும் இல்ல. வெட்டாம விட்ட 121-ம் பழசு இல்ல, மறுபடி பயிற்சி பண்ணினதுல அதுவும் நகர்ந்துருச்சு.

ரெண்டாவது யோசனை: புதுசாப் பயிற்சி பண்ணி, வெட்டின இடத்துக்கு மட்டும் அதுல இருந்து எண்ணை எடுத்து ஒட்டினா? இதுவும் நடக்காது. நடு அடுக்குல இருக்கிற 15 யூனிட்டுக்கும் நிலையான பேரு கிடையாது. ஒரு தடவை ஓட்டும்போது முதல் யூனிட் கத்துக்கிட்டதை அடுத்த தடவை எட்டாவது யூனிட் கத்துக்கும். 15 யூனிட்டை வரிசை மாத்தி அடுக்க ஏறக்குறைய 1.3 லட்சம் கோடி வழி இருக்கு, எல்லாமே ஒரே விடையைத்தான் தரும். ஒரு ஓட்டத்துல இருந்து எண்ணை எடுத்து இன்னொண்ணுல ஒட்டுறது, ஒருத்தர் பல் செட்டை இன்னொருத்தருக்கு மாட்டுற மாதிரி.

மூணாவது யோசனை: அக்காவோட பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டு. அதுல செட் சீட் இருக்கு. ரேண்டமா வர்ற எண்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர்றதுக்காகக் கொடுக்கிற எண் அது. ஓட்டினேன். விடை வேற வந்துச்சு. ஸ்கிரிப்ட்ல ஒரு எழுத்துகூட மாத்தல, வேற வருது.

அக்காவுக்கு போன் பண்ணினேன். அவங்க அப்போ வேற கம்பெனியில, வேற ஊர்ல. ராத்திரி ஒன்பதரை இருக்கும். பின்னாடி குழந்தை அழுவுது.

"அக்கா, உங்க பழைய மாடல் ஃபைல் உங்ககிட்ட இருக்கா?"

"கம்பெனி ஃபைல் என்கிட்ட எப்படிடா இருக்கும்? ஸ்கிரிப்ட்ல சீட் போட்டிருக்கேனே, ஓட்டிப் பாரு."

"ஓட்டிட்டேன்க்கா, வேற வருது."

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. அப்புறம் கேட்டாங்க, "ஆர் என்ன வெர்ஷன்?"

அந்தக் கேள்விக்கு நான் அவங்களுக்குக் கோயிலே கட்டணும். ஆர்ல சாம்பிள்னு ஒரு கமாண்ட் இருக்கு. டேட்டாவைப் பயிற்சிக்கு இவ்வளவு, டெஸ்ட்டுக்கு இவ்வளவுன்னு பிரிக்க எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துவோம். 2019 ஏப்ரல்ல ஆர் 3.6.0 வந்தப்போ அந்த கமாண்ட் உள்ள வேலை செய்ற விதத்தையே மாத்திட்டாங்க. பழைய முறையில கொஞ்சம் சாய்வு இருந்துச்சு, அதைச் சரி பண்ண மாத்தினாங்க. நல்ல மாத்தம்தான். ஆனா அதுக்கு முன்னாடி எழுதின ஸ்கிரிப்டை அதுக்கு அப்புறம் வந்த ஆர்ல ஓட்டினா, சீட் ஒண்ணா இருந்தாலும் டேட்டா வேற மாதிரி பிரியும். அக்கா ஜனவரியில பண்ணினது பழைய வெர்ஷன். எங்க சர்வர்ல இருந்தது புதுசு.

இதுக்கு மருந்தும் ஆர்லயே இருக்கு. பழைய சாம்பிள் முறையைத் திரும்பக் கொண்டுவர ரவுண்டிங்னு ஒரு அமைப்பு. போட்டேன், ஓட்டினேன். அப்பவும் அதே விடை வரல. அப்புறம்தான் தெரிஞ்சுது, டேட்டா ஃபைலும் மாசா மாசம் மேல எழுதப்பட்டுட்டே இருந்திருக்கு. 2019-ல இருந்த வரிசைகள்ல பாதி திருத்தப்பட்டுடுச்சு. எங்க டீம்ல மேல எழுதுற பழக்கம் எனக்கு மட்டும் இல்லைன்னு ஒரு அற்ப ஆறுதல்.

மறுநாள் காலையில அக்காவே மெசேஜ் போட்டாங்க. "ஹேண்ட்ஓவர் டாக்குமெண்ட் பாரு, கடைசிப் பக்கம்."

வேலையை விட்டுப் போகும்போது எழுதிக் கொடுக்கிற ஒப்படைப்பு டாக்குமெண்ட். நாம யாரு அதை முழுசாப் படிச்சிருக்கோம்? கடைசிப் பக்கத்துல அக்கா சம்மரி கமாண்டோட அவுட்புட்டை அப்படியே ஒட்டி வெச்சிருந்தாங்க. என்நெட்ல சம்மரி கேட்டா எல்லா வெயிட்டையும் வரிசையா அச்சடிக்கும். எந்த உள்ளீட்டுல இருந்து எந்த யூனிட்டுக்கு, என்ன எண். ரெண்டு தசம இடத்துக்கு மட்டும். 361 எண்ணும் இருந்துச்சு. கீழ ஒரு டேபிள்ல ஒவ்வொரு உள்ளீட்டோட சராசரியும் திட்ட விலக்கமும். என்நெட் தானா அளவு சரி பண்ணிக்காது, உள்ளீட்டை நாமதான் சரிசமமா ஆக்கிக் கொடுக்கணும். அந்த டேபிள் இல்லைன்னா 361 எண்ணும் இருந்து பிரயோஜனம் இல்ல.

ஒரு டம்மி நெட்வொர்க்கை அதே அளவுல கட்டி, வெயிட் இருக்கிற இடத்துல அந்த 361 எண்ணையும் உட்கார வெச்சேன். ரெண்டு தடவை சரிபார்த்தேன். பழைய ரிப்போர்ட்ல இருந்த ஸ்கோர்களோட ஒப்பிட்டுப் பார்த்தேன். தசமம் போனதுல சின்னச் சின்ன வித்தியாசம் இருந்துச்சு, ஆனா யாரு மேல, யாரு கீழங்கிற வரிசை கிட்டத்தட்ட அதேதான். மே மாசக் கடலோர லிஸ்ட்டை அதுல போட்டேன். ஸ்கோர் எல்லாம் இறங்குச்சு.

நீங்க வெட்டுறதுக்கு முன்னாடி

இப்போ உங்களுக்கு. நீங்க ஆர்லயே இருக்கணும்னு இல்ல. பைடார்ச்ல இருக்கிறவங்கதான் நம்ம லிஸ்னர்ஸ்ல அதிகம், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பைடார்ச்ல 1.4 வெர்ஷன்ல இருந்து ப்ரூனிங் வசதி உள்ளயே வருது. அது நல்ல பிள்ளை. வெட்டும்போது ஒரிஜினல் வெயிட்டைத் தூக்கி எறியாது. வெயிட் ஒரிஜ்னு ஒரு பேர்ல பழசை வெச்சிருக்கும், வெயிட் மாஸ்க்னு இன்னொரு பேர்ல எதை வெட்டினோம்ங்கிறதை வெச்சிருக்கும். ரெண்டையும் பெருக்கித்தான் இப்போதைய வெயிட் வரும். அதாவது திரும்பி வர்ற வழியை அதுவே வெச்சிருக்கு.

ஆனா அதுல ரிமூவ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. பேரைப் பார்த்தா, வெட்டினதை நீக்கிப் பழையபடி ஆக்கிடும்னு தோணும். இல்ல! அது வெட்டை நிரந்தரமாக்கும். பழைய எண்ணையும் மாஸ்க்கையும் எடுத்துட்டு, பூஜ்ஜியம் போட்ட வெயிட்டை மட்டும் விட்டுட்டுப் போகும். ப்ரூனிங் திரும்பாதுன்னு டாக்குமெண்டேஷன்லயே பெரிய எழுத்துல போட்டிருக்காங்க. ரிமூவ் பண்றதுக்கு முன்னாடி ஒரு காப்பி சேவ் பண்ணிடுங்க.

இன்னொரு இடம்: ரிமூவ் பண்ணாம சேவ் பண்ணின ஃபைலை, வெட்டாத புது மாடல்ல லோட் பண்ணினா எரர் வரும். வெயிட்ங்கிற கீ காணோம், வெயிட் ஒரிஜ்ங்கிற எதிர்பாராத கீ இருக்குன்னு திட்டும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம். புது மாடல்லயும் அதே இடத்துல ஒரு வெறும் ப்ரூனிங்கைப் போட்டுட்டு லோட் பண்ணினா சரியா உட்காரும். எரர் எரிச்சலா இருக்குன்னு ஸ்ட்ரிக்டை ஃபால்ஸ் ஆக்கிட்டுப் போகாதீங்க. எரர் போயிடும், உங்க வெயிட்டும் லோட் ஆகாது. ரேண்டம் எண்ணோட ஒரு மாடல் சமத்தா ஓடிக்கிட்டு இருக்கும்.

அடுத்தது, ஆரம்ப வெயிட்டையும் சேமிங்க. பயிற்சி முடிஞ்ச வெயிட் மட்டும் போதாது. 2019-ல ஜொனாதன் ஃபிராங்கிளும் மைக்கேல் கார்பினும் லாட்டரி டிக்கெட் கட்டுரையில காட்டினது இதுதான். பெரிய நெட்வொர்க்கை வெட்டி மிச்சம் இருக்கிற சின்ன நெட்வொர்க்கை, அதோட பழைய ஆரம்ப எண்ணுக்கே கொண்டுபோய் விட்டுப் பயிற்சி பண்ணினா அது பெருசுக்குச் சமமாக் கத்துக்குது. அதே வடிவத்துக்குப் புது ரேண்டம் எண் கொடுத்தா அந்த அளவுக்குக் கத்துக்க மாட்டேங்குது. ஆரம்பம் எங்கன்னு தொலைச்சுட்டா அந்தப் பரிசோதனையை நீங்க பண்ணவே முடியாது.

என் பட்டியல் இவ்வளவுதான். வெட்டாத மாடல், ஆரம்ப வெயிட், மாஸ்க், உள்ளீட்டை அளவு பண்ணின சராசரியும் திட்ட விலக்கமும், சீட், மென்பொருள் வெர்ஷன், பயிற்சி பண்ணின அன்னைக்கு இருந்த டேட்டாவோட ஒரு காப்பி. ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்ட தனிப்பேர். வட்டுல இடம் எவ்வளவு ஆகும்? எங்க 361 எண்ணும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குட் மார்னிங் படத்தை விடச் சின்னது.

சேமிச்சா மட்டும் போதாது, ஒரு தடவை மீட்டுப் பாருங்க. புது மெஷின்ல, புது செஷன்ல லோட் பண்ணி, பழைய பத்து கஸ்டமருக்கு ஸ்கோர் போட்டு, அதே எண் வருதான்னு பாருங்க. வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணணும், வெட்டினதுக்கு அப்புறம் இல்ல.

கடைசியா, மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்க்காதீங்க. வெட்டுறதுக்கு முன்னாடி, வெட்டினதுக்கு அப்புறம், ரெண்டையும் குழு குழுவாப் பிரிச்சு வெச்சுப் பாருங்க. பிராஞ்ச் வாரியா, மாச வாரியா, தொழில் வாரியா. எந்தக் குழுன்னு தெரியலைன்னா அந்த வேலையைக் கையால பண்றவங்களைக் கேளுங்க. நான் மார்ச்ல அந்த நாகப்பட்டினம் அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருந்தா, ரெண்டே நிமிஷத்துல சொல்லியிருப்பாரு. அவருக்குத் தெரிஞ்சது எனக்கு எந்தக் கட்டுரையிலயும் கிடைச்சிருக்காது.

அந்த மூணு வண்டி

நிறைய பேர் இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும்.

ரெண்டு வண்டி ஒரு வாரத்துல திரும்பக் கிடைச்சுது. அண்ணன்தான் நின்னு பேசி வாங்கிக் கொடுத்தாரு. மூணாவது, பெட்டி கட்டி மீன் விக்கிற மொபெட். பேப்பர் ஏதோ மேல போயிருச்சுன்னு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. ஜூன் 15 காலையில படகு எல்லாம் கடலுக்குக் கிளம்பிருச்சு, மீனும் வந்துருச்சு, அவரு வண்டி யார்டுல நின்னுச்சு. ஜூன் கடைசி வாரம்தான் கைக்கு வந்துச்சு. தடைக்காலம் முடிஞ்சு வர்ற முதல் ரெண்டு வாரம்தான் அவங்களுக்கு நல்ல வியாபாரம்னு அண்ணன் சொன்னாரு. குத்திக்காட்டிச் சொல்லல. தகவலாத்தான் சொன்னாரு. அதனாலதான் இன்னும் மறக்கல.

மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொன்னேன், ஃபைலை மேல எழுதினது நான்தான்னு. திட்டு விழுந்துச்சு, அது நியாயம். எக்ஸெல் ஷீட்டுக்கு அப்புறம் வேற மாடல் பண்ணினோம். சின்னதுதான், ஆனா கடலோரமும் தடைக்காலமும் சேர்ந்த ஒரு உள்ளீட்டைத் தனியா வெச்சோம், அதை வெட்டக்கூடாதுன்னு மாஸ்க்ல பூட்டினோம். இன்னைக்கு வேற கம்பெனியில, வேற அளவு மாடல் பாக்குறேன். யாராவது மாடலைச் சுருக்கிட்டேன், துல்லியம் குறையலன்னு வந்தா, நான் முதல்ல கேக்குறது துல்லியத்தை இல்ல. பழசு எங்க இருக்கு, லோட் பண்ணிக் காட்டுன்னு கேப்பேன். அடுத்து, யாருக்குக் குறைஞ்சுதுன்னு பிரிச்சுக் காட்டுன்னு கேப்பேன். ஜூனியர்ஸ் கொஞ்சம் கடுப்பாவாங்க. பரவாயில்ல.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. நீங்களும் இப்படி எதையாவது மேல எழுதித் தொலைச்சிருந்தா மெயில்ல எழுதுங்க, பேர் சொல்லாமப் படிக்கிறேன். அக்கா இதைக் கேட்டா, நன்றிக்கா. கடைசிப் பக்கம் வரைக்கும் இப்போ படிக்கிறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம். பை.